இருமுறை சுடப்படும் மண்

இந்திய அனல் மின் நிலையங்களின் கொதிகலன்களுக்குள் செல்லும் நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை எரியாத கனிமப் பொருளே இருக்கிறது. ஏறத்தாழ 25 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் தாழ்நிலங்களில், வெள்ளம் அடித்துவந்த மரங்களும் இலைகளும் அதே வெள்ளம் சுமந்துவந்த களிமண்ணோடும் நுண்மணலோடும் கலந்து படிந்தமையால், தாமோதர், சோன், மகாநதிப் பள்ளத்தாக்குகளின் கரியில் தாவரப் பொருளும் மண்ணும் கழுவிப் பிரிப்பதற்கு அரிய அளவில் ஒன்றோடொன்று இழைந்து கிடக்கின்றன. ஆகவே மின்சாரத்தின் பொருட்டு இந்தக் கரியை எரிக்கும் ஒவ்வொரு நிலையமும் மிகப் பெரிய களிமண் சூளையாகவும் இருந்துவருகிறது. அச்சூளையில் வெந்து வெளியேறும் மண்ணே நிலக்கரிச் சாம்பல். 1996-97ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6.9 கோடி டன்னாக இருந்த இதன் அளவு, 2021-22ஆம் ஆண்டில் 27 கோடி டன்னைத் தாண்டியதாக மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு காட்டுகிறது.

விறகு எரிந்தபின் எஞ்சும் சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாசிய உப்புகளும் மிகுதி; அதன் ஒரு பகுதி நீரில் கரையும், வயலுக்கு உரமாகும். நிலக்கரிச் சாம்பலின் இயல்பு முற்றிலும் வேறு. அதில் சிலிக்கா எனப்படும் சிலிக்கன் ஆக்சைடும் அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடும் சேர்ந்து பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கின்றன. உலைகளுக்கு உட்பூச்சாக அமையும் வெப்பந்தாங்கிச் செங்கல்லிலும், உயர் மின்னழுத்தக் கம்பிகளைத் தாங்கும் பீங்கானிலும், வாகனப் புகையைத் தூய்மையாக்கும் தேன்கூட்டு வடிவச் செராமிக்கிலும் அடிப்படையாக இருப்பவை இந்த இரண்டு ஆக்சைடுகளே. இந்தப் பொருள்களுக்காக ஓரிடத்தில் மலையை வெட்டிக் கனிமம் எடுத்துக்கொண்டே, அதே ஆக்சைடுகளை ஏற்கெனவே மாவாக அரைத்து, ஏற்கெனவே ஒருமுறை சுட்டு, மற்றோரிடத்தில் குளத்தில் கொட்டுவது பொருள்வளத்தை அறியாத செயல். சாம்பலிலிருந்து உயர்தரச் செராமிக் செய்யும் ஆய்வுகள் இந்த முரண்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

சாம்பலின் தனித்தன்மையை அறிய, அதன் ஒரு துகள் பிறக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கொதிகலனுக்குள் நுழையுமுன் நிலக்கரி அரவை இயந்திரங்களில் அரைக்கப்பட்டு, அதில் ஏறத்தாழ 70 விழுக்காடு 75 மைக்ரான் கண்ணுள்ள சல்லடையில் இறங்கும் அளவுக்கு மாவாக்கப்படுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூடான காற்றோடு ஊதப்படும் இந்த மாவு சுடருக்குள் புகும்போது, 1400 டிகிரி செல்சியசையும் கடக்கும் வெப்பத்தில், துகளின் கரிப்பகுதி சில நொடிகளில் எரிந்துபோக, அதனுள் சிக்கியிருந்த களிமண்ணும் இரும்புக் கனிமங்களும் நுண்மணலின் ஒரு பகுதியும் உருகிச் சொட்டாகத் திரள்கின்றன. காற்றில் மிதக்கும் திரவச் சொட்டு பரப்பு இழுவிசையால் உருண்டையாகும் என்பதால் இதுவும் உருண்டையாகிறது. புகையோடு குளிர்ந்த பகுதிக்கு விரைந்து வந்துசேரும்போது, அணுக்கள் ஒழுங்காக அடுக்கி நிற்க நேரம் வாய்க்காமையால், சொட்டின் பெரும்பகுதி கண்ணாடியாக உறைந்துவிடுகிறது. அலுமினா செறிந்த இடங்களில் மட்டும் முல்லைட் என்னும் கனிமத்தின் நுண்ணூசிகள் அந்தக் குறுகிய காலத்திலேயே முளைத்துவிடுகின்றன. உருகாமல் தப்பிய குவார்ட்ஸ் மணலும், மேக்னடைட், ஹெமடைட் ஆகிய இரும்பு ஆக்சைடுகளும் எஞ்சிய படிகங்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தால் கண்ணாடியை அரித்தெடுத்தபின் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், பந்து இருந்த இடத்தில் முல்லைட் ஊசிகள் ஒன்றையொன்று ஊடறுத்து நிற்கும் கூடு தெரிகிறது. செராமிக் தொழிலாளர் சூளையில் மணிக்கணக்கில் காத்திருந்து பெற விரும்பும் படிகம் இது; கொதிகலன் அதை நொடிகளில் தொடங்கிவைத்து, முடிக்காமல் விட்டிருக்கிறது.

உருகிய சொட்டுக்குள் வாயு அகப்பட்டுக்கொண்டால் அது ஊதிப் பெருத்து, உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய ஓட்டுப் பந்தாகிறது. செனோஸ்பியர் எனப்படும் இவை நீரைவிட அடர்த்தி குறைந்தவை. சாம்பல் குளத்தின் மேற்பரப்பில் வெண்சாம்பல் நிற ஏடாக மிதப்பதால் அள்ளி எடுப்பது எளிது. மொத்தச் சாம்பலில் ஓரிரு விழுக்காட்டைத் தாண்டாத இந்தப் பந்துகள், எடை குறைந்த வெப்பக்காப்புப் பொருள்களுக்கும் எண்ணெய்க் கிணறுகளில் இடும் இலகுவான சிமென்ட்டுக்கும் விலைபோகின்றன. சாம்பலுக்குள் ஒளிந்திருந்த உயர்மதிப்பைச் சந்தை முதலில் கண்டுகொண்டது இவற்றில்தான் எனலாம்.

எடை மிகுந்த பகுதி கொதிகலனின் அடியில் விழுந்து அடிச்சாம்பலாகிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கான நுண்சாம்பல் புகையோடு பறந்து, புகைபோக்கிக்கு முன்னுள்ள நிலைமின் தூசிப்பிடிப்பானில் அகப்படுகிறது. இந்தக் கருவியில் உயர் மின்னழுத்தம் தூசிக்கு மின்னூட்டம் ஏற்ற, மின்னூட்டம் பெற்ற தூசி உலோகத் தகடுகளில் ஒட்டுகிறது. தகடுகளைத் தட்டியதும் அது கீழுள்ள கூம்புத் தொட்டிகளில் விழுகிறது. தொழிலில் ஹாப்பர் என வழங்கும் இத்தொட்டிகள் வரிசை வரிசையாக அமைந்திருப்பதில் ஒரு நன்மை உண்டு: பருமனான துகள்களின் பெரும்பகுதி முதல் வரிசையிலேயே நின்றுவிட, பின்வரிசைகளுக்குச் செல்லச் செல்லத் துகள் நுண்மையாகிறது. செராமிக் தொழிலில் பணமும் மின்சாரமும் செலவிட்டுத் தூளை அரைத்துத் தரம் பிரிப்பார்கள். இங்கே அந்தப் பிரிப்பு செலவின்றி நடந்தேறுகிறது. ஆனால் பல நிலையங்களில் எல்லா வரிசைகளின் சாம்பலும் மீண்டும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, நீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியே குளத்துக்குப் போய்ச் சேர்வதால் அந்த நன்மை அடுத்த நிமிடமே அழிகிறது. குளத்துக்குப் போகும் குழாயும் எப்போதும் பழுதின்றி இருப்பதில்லை. எண்ணூரில் அக்குழாய்களின் கசிவு கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் ஆண்டுக்கணக்கில் படிந்து, இறாலும் நண்டும் நம்பி வாழும் மீனவர் ஊர்களின் வாழ்வைக் குலைத்த வரலாறு தமிழ்நாட்டினர் அறிந்ததே.

உயர்தரச் செராமிக் எனப்படுவது யாது என்பதையும் இவ்விடத்தில் தெளிவாக்க வேண்டும். பானையும் ஓடும் செங்கல்லும் செராமிக்குகளே. கிடைத்த மண்ணைக் கிடைத்தவாறே பிசைந்து சுட்டால் அவை உருவாகும். உயர்தரச் செராமிக்கில், எந்தப் படிகம், எவ்வளவு பங்கு, எந்த அளவுத் துகளில், எவ்வளவு துளைகளோடு இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. சூட்டுக்கும் அடிக்கும் அமிலத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் அது எவ்வாறு ஈடுகொடுக்கும் என்பது அந்தத் தீர்மானத்தைப் பொறுத்தது. இத்தகைய பொருள் பெரும்பாலும் தூளை அச்சில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழேயே சூடேற்றி உருவாக்கப்படுகிறது. அவ்வெப்பத்தில் துகள்கள் தொடும் இடங்களில் அணுக்கள் இடம்பெயர்ந்து கழுத்துபோல் இணைப்பை உண்டாக்க, இடையிலுள்ள வெற்றிடம் சுருங்கி உடல் இறுகுகிறது. சின்டரிங் எனப்படும் இந்த வெப்ப இறுக்கத்தின்போது சிறிதளவு திரவம் இருந்தால் வேலை விரைவுபெறும். சாம்பலிலுள்ள கண்ணாடி ஏறத்தாழ 1100 டிகிரியிலேயே இளகத் தொடங்கி அத்திரவத்தைத் தருவதால், தூய ஆக்சைடுத் தூள்களுக்குத் தேவைப்படும் 1500, 1600 டிகிரிச் சூடு பல வேளைகளில் இங்கே தேவைப்படுவதில்லை. அதே கண்ணாடி, செய்த பொருள் பின்னாளில் கடுஞ்சூட்டில் பணிபுரியும்போதும் இளகும் என்பது இந்த நன்மையோடு ஒட்டிவரும் இடர். சாம்பலைக் கையாளும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்தக் கண்ணாடியைப் பயன்படுத்திக்கொள்வதற்கும் பின்னர் அதைப் படிகமாக்கி முடித்துவைப்பதற்கும் நடக்கும் முயற்சிகளாகவே இருக்கின்றன.

நெருப்புபட்ட களிமண் உயர்தரப் படிகமாவதை மனிதருக்கு முன்பே இயற்கை செய்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய மல் தீவில் எரிமலைக் குழம்பு களிமண் படிவங்களைச் சுட்ட இடத்தில் கிடைத்த கனிமத்துக்கு, போவன், கிரெய்க், சீஸ் ஆகிய மூவரும் 1924ஆம் ஆண்டில் அத்தீவின் பெயரையொட்டி முல்லைட் எனப் பெயரிட்டனர். ஜார்க்கண்ட் மாநிலத்தின் பொகாரோ நிலக்கரிப் படுகையில், பூமிக்குள் தீப்பற்றி எரிந்த கரி தன்னைச் சூழ்ந்த படிவுப் பாறைகளை உருக்கிய இடத்தில், கார்டியரைட் என்னும் கனிமத்தின் உயர்வெப்ப வடிவம் கண்டறியப்பட்டது. ஜப்பானிய அறிவியலாளர்களான மியாஷிரோவும் ஈயாமாவும் 1954ஆம் ஆண்டில் அதை விவரித்து இந்தியலைட் எனப் பெயர்சூட்டினர். இந்திய நிலக்கரியும் இந்திய மண்ணும் நெருப்பில் சேர்ந்தால் என்ன உருவாகும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. சாம்பலிலிருந்து செய்யப்படும் செராமிக்குகளில் மிகுதியாக ஆராயப்பட்டவற்றுள் முல்லைட்டும் கார்டியரைட்டும் முன்வரிசையில் நிற்பது தற்செயலானதாகாது.

முல்லைட்டில் மூன்று அலுமினா மூலக்கூறுகளுக்கு இரண்டு சிலிக்கா மூலக்கூறுகள் என்ற விகிதம் அமைந்திருக்கிறது. எடைக்கணக்கில் அலுமினா 71.8 விழுக்காடு, சிலிக்கா 28.2 விழுக்காடு. ஏறத்தாழ 1830 டிகிரிவரை உருகாத இப்படிகம், சூடேறும்போது அலுமினாவைவிடக் குறைவாகவே விரிகிறது. வெப்பத்தைக் கடத்துவதும் குறைவு. நெடுநேரம் கடுஞ்சூட்டில் பளு தாங்கினாலும் வளைவதில்லை. இதனால் உலைக் குழாய்களுக்கும், சூளைக்குள் பொருள்களைத் தாங்கும் தட்டுகளுக்கும், வெப்பமானிகளின் உறைகளுக்கும் இது விரும்பப்படுகிறது. சாம்பலில் இதன் ஊசிகள் ஏற்கெனவே இருப்பதால் எஞ்சிய கண்ணாடியையும் முல்லைட்டாக்கிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். கணக்கு அந்த எண்ணத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. நூறு கிராம் இந்தியச் சாம்பலில் 60 கிராம் சிலிக்காவும் 30 கிராம் அலுமினாவும் இருப்பதாகக் கொண்டால், அந்த அலுமினா முழுவதும் முல்லைட்டானாலும் 42 கிராம் முல்லைட்டே கிடைக்கும். 48 கிராம் சிலிக்கா துணையின்றி எஞ்சும். அந்தச் சிலிக்கா முழுவதையும் முல்லைட்டாக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 123 கிராம் அலுமினாவை வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். நூறு பங்கு கழிவை மீட்க நூற்றிருபத்து மூன்று பங்கு விலையுயர்ந்த பொருள் தேவைப்படும் தொழில், கழிவுப் பயன்பாடு என்ற பெயருக்கு முழு உரிமை கோர இயலாது.

இந்த இக்கட்டைத் தீர்க்க மூன்று வழிகள் முயலப்பட்டிருக்கின்றன. தூய அலுமினாவுக்குப் பதிலாகப் பாக்சைட்டையோ, அலுமினியம் உருக்கும் ஆலைகளின் கசடையோ சேர்ப்பது ஒன்று. சூடேற்றும்போது கண்ணாடி இளகிப் பாக்சைட் துகள்களைச் சூழ்கிறது; அதில் அலுமினா கரைந்து, பின்னர் முல்லைட்டாகப் படிகிறது. இரண்டாம்நிலை முல்லைட்டாக்கம் எனப்படும் இந்நிகழ்வு 1200 டிகிரியைக் கடந்தபின் தொடங்கி 1400, 1500 டிகிரிக்குள் நிறைவெய்துகிறது. அப்போது உடலின் கன அளவு பெருகுவதால் இறுகிக்கொண்டிருக்கும் உடலில் மீண்டும் துளைகள் திறந்துகொள்கின்றன. எவ்வளவு வேகமாகச் சூடேற்ற வேண்டும், எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்ற நுணுக்கம் இதனால்தான் முக்கியமாகிறது. இரண்டாவது வழி, அலுமினாவைக் கூட்டாமல் சிலிக்காவைக் குறைப்பது. சாம்பலைக் காரச் சோடாக் கரைசலில் சூடேற்றினால் கண்ணாடியிலுள்ள சிலிக்கா கரைந்து வெளியேறும், முல்லைட் ஊசிகள் பெரிதும் பாதிக்கப்படாமல் தங்கும். வெளியேறிய சோடியம் சிலிக்கேட் கரைசலும் வீணாவதில்லை. நுண்சிலிக்காவோ, நீர்மென்மையாக்கும் சியோலைட்டோ அதிலிருந்து செய்யப்படலாம். கரைசலை மிகுதியாகச் சூடேற்றிவிட்டால் சியோலைட் சாம்பலின் மேலேயே படிந்து வேலையைக் கெடுக்கும் என்பதால் வெப்பமும் நேரமும் இங்கே கடுமையாகக் கண்காணிக்கப்பட வேண்டியவை.

மூன்றாவது, இயல்பிலேயே அலுமினா மிகுந்த சாம்பலைத் தேடுவது. சீனாவின் உள் மங்கோலியாவிலுள்ள ஜுங்கர் நிலக்கரிப் படுகையின் கரியில் கயோலினைட் களிமண்ணோடு போமைட் என்னும் அலுமினியக் கனிமமும் செறிந்திருப்பதால், அதன் சாம்பலில் அலுமினா ஏறத்தாழ பாதியாக இருக்கிறது. மேற்கண்ட கணக்கை 50 கிராம் அலுமினா, 40 கிராம் சிலிக்கா என மாற்றிப் போட்டால், வெளியிலிருந்து சேர்க்க வேண்டியது 52 கிராமாகக் குறைந்துவிடுகிறது. ஒன்றும் சேர்க்காமலேயே ஏறத்தாழ 70 கிராம் முல்லைட் கிடைக்கக்கூடும். பாக்சைட் பற்றாக்குறையை உணர்ந்த சீனா, இச்சாம்பலிலிருந்து அலுமினாவையே பிரித்தெடுக்கும் ஆலைகளைத் தொழில் அளவில் நிறுவிப் பார்த்ததற்கும் இதுவே காரணம். ஜுங்கர் சாம்பலில் வெற்றிகண்ட செய்முறையை அப்படியே இந்தியச் சாம்பலுக்குப் பொருத்தும் ஆர்வம் கட்டுரைகளில் அவ்வப்போது காணப்படுகிறது. இரண்டின் கூட்டமைப்பும் வேறு என்பதை நினைவில் கொள்ளாத முயற்சி ஆய்வுக்கூடத்தைத் தாண்டாது.

இந்தியச் சாம்பலின் கூட்டமைப்போடு இயல்பாகப் பொருந்துவது கார்டியரைட். மக்னீசியா எனப்படும் மக்னீசியம் ஆக்சைடு, அலுமினா, சிலிக்கா ஆகிய மூன்றும் 13.8, 34.9, 51.4 என்ற எடை விகிதத்தில் அமைந்த இப்படிகத்தில், சிலிக்கா அலுமினாவைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மேலே கண்ட சாம்பலில் அது இருமடங்கு. ஆகவே 60 கிராம் சிலிக்காவும் 30 கிராம் அலுமினாவும் உள்ள நூறு கிராம் சாம்பலுக்கு ஏறத்தாழ 11 கிராம் அலுமினாவும் 16 கிராம் மக்னீசியாவும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடுகிறது. கலவையில் ஐந்தில் நான்கு பங்கு சாம்பலாகவே இருக்கக்கூடும் என்பது முல்லைட்டோடு ஒப்பிடுகையில் மிகப் பெரிய வேறுபாடு. கார்டியரைட்டின் சிறப்பு அதன் வெப்ப விரிவு மிகக் குறைவு என்பதில் இருக்கிறது. ஒரு டிகிரி சூடேறினால் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கே நீளும். சூடும் குளிர்ச்சியும் சட்டென மாறி மாறி வரும்போது விரிவின் வேறுபாட்டால்தான் செராமிக் வெடிக்கிறது. விரிவே குறைவாயின் வெடிப்புக்கு வழியில்லை. கார்களின் புகைக்குழாயில் வினையூக்கியைத் தாங்கும் தேன்கூட்டுக் கட்டியை 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் உருவாக்கியவர்கள் கார்டியரைட்டைத் தேர்ந்தது இதனால்தான்.

இவ்விடத்தில் சேலம் மாவட்டத்தின் நிலவியலை நோக்குவது பயனுடையது. மேட்டூரில் 840 மெகாவாட் திறனுள்ள அனல் மின் நிலையமும் பின்னர் அதனோடு சேர்ந்த 600 மெகாவாட் அலகும் இருக்கின்றன. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத சேலத்தின் புறநகரில், வெள்ளைக்கல் என்று அவ்வட்டாரத்தார் அழைக்கும் மேக்னசைட் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வெட்டியெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. மேக்னசைட் என்பது மக்னீசியம் கார்பனேட், அதைச் சுட்டால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மக்னீசியா கிடைக்கும். கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்சைட் உண்டு; மேட்டூரில் முன்பு இயங்கிய அலுமினிய ஆலை அதைக்கொண்டே நடந்தது. கார்டியரைட்டுக்கு வேண்டிய மூன்று ஆக்சைடுகளும் ஒரே வட்டாரத்தில் கிடைப்பது இந்தியாவில் அரிதாக அமையும் வாய்ப்பு. நூறு கிராம் சாம்பலுக்கு வேண்டிய 16 கிராம் மக்னீசியாவை 34 கிராம் அளவுள்ள நல்ல வெள்ளைக்கல் தந்துவிடும்.

ஆனால் சாம்பலில் சிலிக்கா, அலுமினா மட்டும் இல்லை. இரும்பு ஆக்சைடு சில விழுக்காடு இருக்கும். கார்டியரைட் படிகத்தில் மக்னீசியத்தின் இடத்தில் இரும்பு அமரக்கூடியது என்பதால் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளத்தக்கது. சுண்ணாம்பு அவ்வளவு எளிதாக விட்டுவிடாது. அது அலுமினாவையும் சிலிக்காவையும் தன்பக்கம் ஈர்த்து அனார்தைட் என்ற வேறொரு படிகமாக நின்று, உடலின் வெப்ப விரிவை உயர்த்தி, எந்தச் சிறப்புக்காகக் கார்டியரைட் செய்யப்படுகிறதோ அந்தச் சிறப்பையே குறைத்துவிடும். சோடியமும் பொட்டாசியமும் கண்ணாடியைப் படிகமாகவிடாமல் தடுக்கும். காந்தத்தால் தனித்த மேக்னடைட்டை இழுத்துவிடலாம். கண்ணாடிக்குள் கரைந்துபோன இரும்பைக் காந்தம் தொடாது, அதற்கு அமிலக் கழுவல் தேவை, அமிலம் கழுவிய நீரைச் சுத்திகரிக்கத் தனிச்செலவு தேவை. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பும் சல்பேட்டும் மிகுதி என்பதால் அது கார்டியரைட்டுக்கு ஏற்றதன்று. அதை அனார்தைட் செராமிக்குக்கே ஒதுக்கிவிடுவது அறிவுடைமை, ஏனெனில் அங்கே சுண்ணாம்பு மாசாக இராமல் மூலப்பொருளாகிறது.

துளைகள் முற்றிலும் அகலாமை முல்லைட் தயாரிப்பில் குறை. அந்தக் குறையையே பயனாக்கியது வடிகட்டிச் செராமிக். சாம்பலோடு சிறிது பாக்சைட்டும், எரிந்து மறையும் மாவுப்பொருளும் கலந்து குழாயாகவோ தட்டாகவோ பிதுக்கிச் சுட்டால், மைக்ரான் அளவுத் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்ற உடல் கிடைக்கிறது. அதன்மேல் இன்னும் நுண்ணிய துளைகளுள்ள மெல்லிய படலம் பூசிவிட்டால், சாயப்பட்டறைக் கழிவுநீரிலிருந்து மிதக்கும் துகளையும், எண்ணெய் கலந்த நீரிலிருந்து எண்ணெய்த் துளிகளையும், குடிநீரிலிருந்து பாக்டீரியாவையும் அது நிறுத்தும். பிளாஸ்டிக் படலங்களைக் கெடுக்கும் சூட்டையும் குளோரினையும் அமிலத்தையும் இது தாங்கும். அடைப்பு ஏற்பட்டால் எதிர்த்திசையில் நீர் செலுத்தியோ, சூளையில் மீண்டும் சூடேற்றியோ புதுப்பிக்கலாம். சந்தையிலுள்ள செராமிக் வடிகட்டிகள் விலை உயர்ந்திருப்பதற்கு அவற்றின் தூய அலுமினாவும் அதைச் சுடும் கடுஞ்சூடும் பெரும் காரணங்கள். சாம்பலால் ஆன தாங்குதளம் இரண்டையும் குறைக்கிறது. சாம்பல் செராமிக்கின் எதிர்காலம் விண்கலப் பாகங்களில் இருப்பதைவிட இத்தகைய வடிகட்டிகளில் இருப்பதற்கே காரணங்கள் மிகுதி. வலிமையில் சிறிது விட்டுக்கொடுத்தாலும் இங்கே பழுதில்லை. சாம்பலின் பழுப்பு நிறம் எவருக்கும் இடையூறில்லை.

கண்ணாடிச் செராமிக் என்னும் மற்றொரு குடும்பம் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கார்னிங் நிறுவனத்தின் வேதியியலாளர் டொனால்ட் ஸ்டூக்கி 1953ஆம் ஆண்டில் 600 டிகிரியில் வைத்த கண்ணாடித் தகடு, உலையின் கோளாறால் 900 டிகிரிவரை சூடேறியபோது, உருகி வழியாமல் ஒளிபுகாப் பொருளாக மாறி, கீழே விழுந்தும் உடையாமல் இருந்தது. கண்ணாடிக்குள் நுண்படிகங்கள் ஒரே சீராக முளைத்திருந்ததே காரணம். சாம்பலைச் சுண்ணாம்போடும் மக்னீசியாவோடும் முழுமையாக உருக்கி, விரும்பிய வடிவில் வார்த்து, பின்னர் இரண்டு படிகளில் சூடேற்றினால், முதற்படியில் படிகக் கருக்களும் இரண்டாம் படியில் படிகங்களும் வளர்கின்றன. கார்டியரைட்டில் ஓரளவே பொறுத்துக்கொள்ளப்பட்ட இரும்பும், சாம்பலில் ஓரிரு விழுக்காடு உள்ள டைட்டானியமும் இங்கே படிகக் கருக்களாகப் பணிபுரிகின்றன. சோவியத் ஒன்றியம் உலோக ஆலைகளின் கசடிலிருந்து 1960களில் ஸ்லாக்சிட்டால் என்ற பெயரில் இத்தகைய பலகைகளைத் தொழில் அளவில் செய்து, தேய்மானம் மிகுந்த தளங்களுக்கும் ஆலைச் சுவர்களுக்கும் பயன்படுத்தியது. சாம்பலிலுள்ள ஈயம், குரோமியம், ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்கள் நீரில் கசிவதை இந்த முறை பெரிதும் தடுக்கிறது, ஏனெனில் அவை கண்ணாடி வலையிலும் படிகங்களிலும் சிறைப்படுகின்றன. ஆயினும் உருக்குவதற்கு ஆகும் எரிபொருளை எண்ணும்போது, நிலக்கரிக் கழிவை மீட்க இன்னும் நிலக்கரி எரிப்பதா என்ற கேள்வி நியாயமாகவே எழுகிறது.

ஆக்சைடுகளைக் கடந்த செராமிக்குகளும் சாம்பலிலிருந்து பெறப்பட்டிருக்கின்றன. சிலிக்காவைக் கரியோடு 1500 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடாக வெளியேறிச் சிலிக்கன் கார்பைடு உருவாகும்; 60 கிராம் சிலிக்காவுக்கு 36 கிராம் கரி செலவாகி, 40 கிராம் கார்பைடும் 56 கிராம் கார்பன் மோனாக்சைடும் வரும். சாம்பலில் எரியாமல் தங்கிய கரியே இதில் ஒரு பங்கை ஈடுசெய்யும். அதே வினையை நைட்ரஜன் வாயுவில் நடத்தினால், 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்ட சியாலான் என்னும், சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன், நைட்ரஜன் ஆகிய நான்கும் சேர்ந்த கடினப்பொருள் கிடைக்கும். இரும்பு இங்கே சிலிக்கனோடு சேர்ந்து உலோகத் துளிகளாகப் பிரிந்து நிற்பதால், வெட்டுக்கருவிக்கு வேண்டிய தூய்மை வருவது கடினம். வெப்பந்தாங்கிக் கற்களுக்கான தூளாக இது பயன்படுவதே இயல்பான எல்லை.

இவ்வளவு வேதியியல் தெளிவாகியும் சாம்பல் செராமிக் தொழிலாக வளரத் தயங்குவதற்குக் காரணத்தைச் சூளையில் தேட வேண்டியதில்லை. கரி வரும் வழியில் தேட வேண்டும். ஒடிசாவின் தால்ச்சர் போன்ற நிலக்கரிப் படுகைகளில், சுரங்க வாயிலிலேயே அமைந்த மின் நிலையம் ஒரே படுகையின் கரியை ஆண்டுக்கணக்கில் எரிக்கிறது. அதன் சாம்பல் ஓரளவு சீரானது. தமிழ்நாட்டு நிலையங்களுக்கோ அக்கரி பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்துசேர்கிறது. இறக்குமதிக் கரியும் அவ்வப்போது அதனோடு கலக்கப்படுகிறது. இன்று சுட்ட சாம்பலும் அடுத்த மாதத்துச் சாம்பலும் அலுமினாவிலும் சுண்ணாம்பிலும் வேறுபட்டால், இன்று 1250 டிகிரியில் இறுகிய உடல் அடுத்த மாதம் அதே சூட்டில் இளகி வளையும். மேட்டூரைச் சூழ வெள்ளைக்கல்லும் பாக்சைட்டும் இருந்தும், சாம்பல் ஒருசீராக இல்லாதவரை அந்த அருகாமை முழுப்பயன் தராது.

அரசின் கணக்கேட்டிலும் ஒரு குறை உண்டு. 1996-97ஆம் ஆண்டில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த சாம்பல் பயன்பாடு, 1994ஆம் ஆண்டில் தொடங்கிய சாம்பல் இயக்கத்தாலும், 1999 செப்டம்பர் முதல் வந்த அறிவிக்கைகளாலும் வளர்ந்து, 2021-22ஆம் ஆண்டில் 96 விழுக்காட்டை எட்டியது. இது பாராட்டத்தக்க முயற்சி. அந்த 96 விழுக்காட்டில் மிகப் பெரிய பங்கு, ஏறத்தாழ கால்பங்கு, சிமென்ட்டுக்குப் போகிறது. செங்கல்லும் சாலையும், பள்ளம் நிரப்புவதும் கைவிட்ட சுரங்கம் மூடுவதும் எஞ்சியவற்றில் பெரும்பகுதி. குழியில் கொட்டிய ஒரு டன்னும் வடிகட்டிக் குழாயான ஒரு டன்னும் அந்தக் கணக்கில் ஒரே எடை பெறுகின்றன. கோடி டன் கணக்கான சாம்பலைச் செராமிக் தொழில் ஒருபோதும் உட்கொள்ளாது, உலகச் சந்தைக்கே அவ்வளவு தேவையில்லை. எனவே டன் கணக்கை மட்டும் கேட்கும் விதி எந்த நிலையத்தையும் செராமிக் பக்கம் திருப்பாது.

தரநிலைகளும் சிமென்ட்டை மனத்தில் கொண்டே எழுதப்பட்டவை. இந்தியத் தர அமைவனத்தின் ஐஎஸ் 3812, சிமென்ட்டிலும் காரையிலும் கான்கிரீட்டிலும் சேரும் சாம்பலின் நுண்மையையும் எரிப்பிழப்பையும் முதன்மை ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையையும் வரையறுக்கிறது. எரிப்பிழப்பு என்பது மீண்டும் சுடும்போது குறையும் எடை, பெரும்பாலும் எரியாமல் தங்கிய கரி. சிலிக்காவும் அலுமினாவும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்து இத்தனை விழுக்காடு இருந்தால் கான்கிரீட்டுக்குப் போதும். செராமிக்குக்கு அந்த மூன்றும் தனித்தனியே தெரிய வேண்டும், அலுமினாவுக்கும் சிலிக்காவுக்கும் உள்ள விகிதம் தெரிய வேண்டும், காரங்கள் எவ்வளவு என்பது தெரிய வேண்டும், கண்ணாடி எவ்வளவு, படிகம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். இவற்றை அளக்கும் ஊடுகதிர்க் கருவிகள் நாட்டின் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. சிமென்ட் ஆலைகள் தங்கள் மூலப்பொருளை அவற்றைக்கொண்டு அன்றாடம் சோதிக்கின்றன. தூசிப்பிடிப்பானின் கடைசி வரிசை ஹாப்பர்களுக்குத் தனிக் குழாயும் தனிக் களஞ்சியமும் அமைத்து, நீர் படாத நுண்சாம்பலைக் கரியின் மூலத்தையும் சோதனை முடிவையும் குறித்த சீட்டோடு மூட்டையாக்கி விற்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. நச்சுத் தனிமங்கள் சில நுண்துகள்களில் கூடுதலாகச் செறியும் என்பதால், அந்தச் சீட்டில் அவற்றின் அளவும் இடம்பெற வேண்டும். சுடப்பட்டபின் நீரில் எவ்வளவு கசிகிறது என்ற சோதனை, பொருள் சூளையை விட்டு வெளியேறுமுன் நடந்தாக வேண்டும்.